துப்பாக்கி ஓய்ந்த பிறகு: ஒரே பொண்ட், ஆறு முகங்கள்

ஜேம்ஸ் பொண்டாக நடித்தவர்களில் யார் சரியான பொண்ட் என்று மலையகத்தில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பதிலை வைத்தே அவர் வயதைச் சொல்லிவிடலாம். ஹட்டன், கண்டி, பதுளை டவுன் தியேட்டர்களில் இங்கிலிஷ் படம் பார்த்த பெரியவர்களுக்கு ஷோன் கொனரி. எண்பதுகளில் சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கரண்ட் இல்லாத லயங்களில் ஜெனரேட்டர் வைத்து விடிய விடியப் படம் ஓட்டிய தலைமுறைக்கு ரொஜர் மூர். சீடீ கடைகள் வந்த காலத்துப் பையன்களுக்கு பியர்ஸ் ப்ரொஸ்னன். இப்போது ஃபோனில் பார்க்கும் பிள்ளைகளுக்கு டெனியல் க்ரெய்க். டிமதி டோல்டன் பெயரைச் சொல்பவர் அபூர்வம். ஜோர்ஜ் லேசன்பியைச் சொன்னால் "அது யாரு?" என்பார்கள்.

1962 முதல் 2021 வரை இயோன் நிறுவனம் எடுத்த 25 படங்களில் இந்த ஆறு பேர்தான் பொண்ட். வயதையும் பழக்கத்தையும் ஒதுக்கிவிட்டு இவர்களை ஒப்பிட வேறோர் அளவுகோல் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது எங்கள் ஊர்ப் பக்கம் படம் பார்த்த விதத்திலிருந்து வந்தது.

எங்களில் பலர் இந்தப் படங்களை வசனம் புரியாமல்தான் பார்த்தோம். தோட்டப் பாடசாலையில் படித்த இங்கிலிஷ், கொனரியின் ஸ்கொட்லாந்து உச்சரிப்புக்கு முன் நிற்காது. அதனால் முகத்தைப் பார்த்தோம், கையைப் பார்த்தோம், நடையைப் பார்த்தோம். நடிகர்களை எடைபோட அது நல்ல பயிற்சி. வசனம் எழுதியவர் வேறு. சண்டையில் பாதி ஸ்டண்ட் ஆட்களுடையது. முதல் மூன்று படங்களின் தொடக்கத்தில் வெள்ளை வட்டத்துக்குள் நடந்து வந்து நம்மைப் பார்த்துச் சுடுகிறவர்கூட கொனரி இல்லை, பொப் சிமன்ஸ் என்ற ஸ்டண்ட் கலைஞர். ஆனால் சுட்டு முடித்ததும் கேமரா பொண்டின் முகத்தில் நிற்கும் அந்தச் சில விநாடி இருக்கிறதே, அது முழுக்க நடிகருடையது. கொல்வதற்கு அனுமதி பெற்ற ஒருவன் கொன்றபின் எப்படி இருக்கிறான்? ஆறு பேரும் ஆறு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் கொனரி. "டொக்டர் நோ"வில் பேராசிரியர் டென்ட் இருட்டில் வந்து, கட்டிலில் பொண்ட் படுத்திருப்பதாக நினைத்துப் போர்வைக்குள் ஆறு குண்டையும் இறக்குகிறான். பொண்ட் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் பேசுகிறார்கள். டென்ட் மெல்லத் துப்பாக்கியை எடுத்து அழுத்துகிறான், குண்டு இல்லை. அது பொண்டுக்கு முன்பே தெரியும். நிதானமாகச் சுடுகிறார், விழுந்தவனை இன்னொரு முறையும் சுடுகிறார், பிறகு சைலன்ஸரைக் கழற்றுகிறார். முகத்தில் ஒன்றுமே இல்லை. வேலை முடித்த தொழிலாளி ஆயுதத்தைத் துடைத்து வைப்பதைப் போல அவ்வளவுதான்.

அந்தக் காட்சி நம் ஆட்களை ஏன் அவ்வளவு உலுக்கியது என்று புரிய, அப்போதைய தமிழ்ப் படங்களையும் பார்க்க வேண்டும். பொண்ட் அலை தமிழுக்கும் உடனே வந்துவிட்டது. 1966இல் "வல்லவன் ஒருவன்", 1970இல் "சி.ஐ.டி. சங்கர்" என்று வந்து, ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆனார். 1968இல் எம்.ஜி.ஆர். "ரகசிய போலீஸ் 115" ஆனார். நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் எங்கள் ஊர்க்காரர் என்ற உரிமையோடுதான் அவரை இன்றும் பேசுவோம். கோட்டு, துப்பாக்கி, ரகசிய அறை, வேகக் கார் எல்லாவற்றையும் தமிழ் சினிமா எடுத்துக்கொண்டது. கொல்லும் அனுமதியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. எம்.ஜி.ஆர். வில்லனைப் புரட்டி எடுப்பார், கடைசியில் பெரும்பாலும் சட்டம் வந்து கூட்டிப்போகும். ஆயுதம் இழந்தவனைச் சுடுகிற கதாநாயகனை அந்தத் திரையில் யாரும் பார்த்ததில்லை. கொனரியின் அதிர்ச்சி பாதி அங்கேதான்.

மீதிப் பாதி அவருடைய உடம்பு. 1930இல் எடின்பரோவின் ஏழைத் தெருவில் பிறந்தவர், பால் கொண்டுபோய்ப் போட்டவர், சவப்பெட்டிக்குப் பொலிஷ் போட்டவர், 1953இல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டிக்குப் போனவர். இயக்குநர் டெரன்ஸ் யங் அவரைத் தன் தையல்காரர் அந்தனி சின்க்ளேரிடம் கூட்டிப்போய்க் கோட்டு தைத்துக் கொடுத்து, எப்படி உட்காருவது, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுத்தார். அதாவது ஒரு தொழிலாளி வீட்டுப் பையன் துரை வேஷம் கற்றுக்கொண்டான். பெரிய துரை, சின்ன துரை, கிளப், குதிரைப் பந்தயம் என்று அந்த வாழ்க்கையை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தலைமுறைக் கணக்கில் பார்த்தவர்கள் நாங்கள். கொனரியின் கோட்டுக்குள் இருப்பவன் துரை இல்லை என்பது எங்கள் பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 1963இல் வந்த "ஃப்ரொம் ரஷ்யா வித் லவ்" ரயில் சண்டையைப் பாருங்கள். வில்லனாக வரும் ரொபர்ட் ஷோவைக் கொன்று முடித்ததும் மூச்சிரைக்க எழுந்து, டையைச் சரிசெய்து, அவன் பறித்து வைத்திருந்த தன் பணத்தையும் மறக்காமல் எடுத்துக்கொள்கிறார். பரம்பரைத் துரை அந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போயிருப்பார்.

லேசன்பிக்கு ஒரே படம், 1969இல் "ஒன் ஹர் மெஜெஸ்டிஸ் சீக்ரட் சேர்விஸ்". அவுஸ்திரேலிய மொடல், நடிப்பில் அனுபவம் இல்லை, வயது 29. வசனம் பேசும்போது அது தெரியும். ஆனால் பொண்ட் வேஷத்துக்கு இல்லாமல் உண்மையாகவே கல்யாணம் கட்டிய ஒரே படம் இது. தாலி ஈரம் காயும் முன்பே காரில் வைத்து மனைவி ட்ரேசியைச் சுட்டுவிடுகிறார்கள். அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, வந்து பார்க்கும் பொலிஸ்காரரிடம் ஒன்றுமில்லை, களைத்துப்போய் ஓய்வெடுக்கிறாள், கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுவோம், எங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். படம் அப்படியே முடிகிறது. படப்பிடிப்பில் லேசன்பி கண்ணீர் விட்டாராம். பொண்ட் அழமாட்டான் என்று சொல்லி இயக்குநர் பீட்டர் ஹன்ட் மறுபடி எடுத்தார். அழாத அந்த முகம்தான் படத்தில் இருக்கிறது. கொனரி வந்து நடித்திருந்தால் இந்த இடத்தை இவ்வளவு நிராதரவாக விட்டிருக்க மாட்டார். அனுபவம் இல்லாதவரிடம் சில நேரம் மறைப்பதற்கும் ஒன்றும் இருப்பதில்லை.

இந்த ட்ரேசியை நினைவில் வையுங்கள், அடுத்து வந்தவர்களை அளக்க அவள் உதவுவாள். 1971இல் கொனரி "டயமண்ட்ஸ் ஆர் ஃபோர்எவர்" படத்துக்குத் திரும்பி வருகிறார். தொடக்கத்தில், மனைவியின் சாவுக்குக் காரணமான வில்லன் ப்ளோஃபெல்டைத் தேடி ஊர் ஊராக ஆட்களை அடித்து விசாரிக்கிறார். ஆனால் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முகத்தில் ஒரு நிழல் இல்லை. தயாரிப்பாளர்கள் 1969ஐ மறக்கப் பார்த்தார்கள், கொனரியும் அதற்கு உடன்பட்டு நடித்தார். அவருடைய பலவீனமான படம் அதுதான் என்பது என் கணக்கு.

ரொஜர் மூர் வந்தது 1973இல். கொனரிக்குப் பின் வந்தவர் என்பதால் இளையவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூர் 1927இல் பிறந்தவர், கொனரியைவிட மூத்தவர், முதல் படத்தில் நடித்தபோதே வயது 45. ஏழு படம் நடித்து, 1985இல் "எ வியூ டு எ கில்" வரும்போது 57. லண்டன் பொலிஸ்காரர் ஒருவரின் மகன்தான், ஆனால் திரையில் பிறவித் துரை. கொனரி கற்றுக்கொண்டு போட்ட கோட்டு இவருக்கு உடம்போடு பிறந்தது. எங்கள் தோட்டங்களில் 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, மிச்சமிருந்த வெள்ளைத் துரைமார் கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் திரையில் மூர் வந்து உட்கார்ந்தார்.

அவர் கொன்றபின் என்ன செய்வார்? ஜோக் அடிப்பார். 1977இல் வந்த "த ஸ்பை ஹூ லவ்ட் மீ" படத்தில் கெய்ரோவில் ஒரு கூரை விளிம்பில் ஒருவன் பொண்டின் டையைப் பிடித்துத் தொங்குகிறான். வேண்டிய தகவலை வாங்கிக்கொண்டு, டையை ஒரு தட்டு, அவன் கீழே. டையைச் சரிசெய்துகொண்டு ஒரு வேடிக்கை வசனம். வசனம் எங்களுக்குப் புரியவில்லை, டையை மட்டும் பார்த்தோம், அது எங்களுக்கு ஸ்டைலாக இருந்தது. மூரின் பாதி நடிப்பு அந்த வாய்ச்சொல்லில்தான் என்பது பிறகு இங்கிலிஷ் விளங்கிய காலத்தில்தான் தெரிந்தது. தெரிந்ததில் எல்லாமே இனிக்கவும் இல்லை. 1983இல் உதய்பூரில் எடுத்த "ஒக்டோபஸி" படத்தில் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜைப் பார்த்து நம்ம ஆள் என்று கைதட்டினோம். அதே படத்தில் சூதாட்டத்தில் வென்ற பணத்தை இந்தியச் சகாவிடம் கொடுத்து, சில வாரத்துக்குக் கறி வாங்க ஆகும் என்கிற மாதிரி ஒரு வசனம் பேசுகிறார் மூரின் பொண்ட். அந்தத் தொனியைத் தோட்டத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சிரிப்பு வரும் இடம் இல்லை.

ஆனாலும் மூரை வெறும் கோமாளி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே 1977 படத்தில், தன் காதலனைக் கொன்றது நீதானா என்று ரஷ்ய உளவாளி அன்யா கேட்கும்போது, சிரிப்பெல்லாம் வடிந்து, நம் தொழிலில் ஆட்கள் சாவார்கள், அவனா நானா என்ற நிலை, ஆமாம், நான்தான் என்கிறார். அதற்கு முன், உன் மனைவி கொல்லப்பட்டாள் என்று அன்யா பேச்செடுத்ததும் போதும் என்று வெட்டிவிடுகிறார். கொனரி 1971இல் கொடுக்காத நிழலை மூர் ஒரே கண்ணசைவில் கொடுத்துவிட்டார். 1981இல் "ஃபோர் யுவர் ஐஸ் ஒன்லி" ட்ரேசியின் கல்லறையில்தான் தொடங்குகிறது. அதே படத்தில் மலை விளிம்பில் தொங்கும் காரை, உள்ளே கொலைகாரன் லொக்கை வைத்துக்கொண்டே, பொண்ட் காலால் எத்தித் தள்ளுகிறார். மூருக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை, தன் பொண்ட் அப்படிச் செய்யமாட்டான் என்று இயக்குநர் ஜோன் க்ளெனிடம் தயங்கினார். துப்பாக்கியே பிடிக்காத மனிதர் அவர். பிற்காலத்தில் யுனிசெஃபுக்காக உலகம் சுற்றியவர். அந்தத் தயக்கம் எத்தும் காலில் தெரிகிறது, அதனாலேயே அந்தக் கொலை கனக்கிறது.

இனி டோல்டன். மலையகத்தில் இவரை யாரும் பேசாததற்குக் காரணம் சுலபம். இரண்டே படம், 1987இலும் 1989இலும். நாட்டில் அந்த ஆண்டுகள் படம் பார்க்கிற காலமாக இல்லை, மாலையானால் கதவடைப்பு, வீதியில் பயம். அப்புறம் படக் கம்பனிக்குள் வழக்கு என்று ஆறு வருஷம் பொண்டே வரவில்லை. 1994இல் டோல்டன் விலகிக்கொண்டார். என்னைக் கேட்டால், இந்த அளவுகோலில் இவர்தான் முதல்.

மேடையில் ஷேக்ஸ்பியர் நடித்து வந்தவர். பொண்டை உருவாக்கிய எழுத்தாளர் இயன் ஃப்ளெமிங்கின் கதைகளைத் திரும்பப் படித்து, அந்தப் பொண்ட் தன் வேலையை வெறுப்பவன் என்று கண்டுகொண்டு நடித்தார். "த லிவிங் டேலைட்ஸ்" தொடக்கத்தில் ஜன்னலில் துப்பாக்கியோடு நிற்கும் பெண்ணைக் கொல்ல வேண்டும். அவள் தொழில்முறைக் கொலையாளி இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்து, துப்பாக்கியை மட்டும் சுடுகிறார். மேலிடம் என்னை வேலையை விட்டு நீக்கினால் நன்றி சொல்வேன் என்கிறார். கொனரியும் மூரும் இப்படி ஒரு வாக்கியத்தைப் பேசியிருக்கவே முடியாது.

அதைவிடப் பெரியது வியன்னா கேளிக்கைப் பூங்காக் காட்சி. அதுவரை பொண்டோடு முட்டிக்கொண்டிருந்த சோன்டர்ஸ் என்ற அதிகாரி, கடைசியில் உதவி செய்து, நட்பாகி, எழுந்து போகிறார். தானாக மூடும் கண்ணாடிக் கதவில் பொறி வைத்து அவரைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு பலூன் மிதந்து வருகிறது, அதில் உளவாளிகளுக்குச் சாவு என்று எழுதியிருக்கிறது. டோல்டன் அதைப் பிடித்து உடைக்கிறார். கண்ணில் ஏறும் கோபத்தைப் பாருங்கள். அந்த வேகத்தில் இன்னும் சில பலூன்கள் வேலிக்கு அப்பால் நகர்வதைக் கண்டு, பாய்ந்து, துப்பாக்கியை நீட்டுகிறார். எதிரே ஒரு சின்னப் பையனும் தாயும். துப்பாக்கியை இறக்கும் அந்த ஒரு கணத்தில் கோபம், வெட்கம், தன்மேல் பயம் எல்லாம் அந்த முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போகின்றன. வசனம் கிடையாது. லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்த யாருக்கும் அது அப்படியே புரிந்திருக்கும்.

ட்ரேசிக் கணக்கிலும் அவர்தான். "லைசன்ஸ் டு கில்" படத்தில் நண்பன் லைட்டரின் கல்யாணம். மணப்பெண் விளையாட்டாக, அடுத்த கல்யாணம் உனக்குத்தான் என்கிறாள். டோல்டன் முகம் சுருங்குகிறது, சிரித்தபடி விலகிப் போகிறார். ஏன் என்று அவள் கேட்க, அவனுக்கு ஒருமுறை கல்யாணம் ஆனது, ரொம்பக் காலம் முன்பு என்கிறான் லைட்டர். இருபது வருஷத்துக்கு முன் வேறொரு நடிகர் வாழ்ந்த துக்கத்தை இவர் தன்னுடையதாக ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

ப்ரொஸ்னனைச் சீக்கிரமாகச் சொல்லி முடிக்கலாம். அயர்லாந்துக்காரர். 1986இலேயே கிடைக்கவேண்டிய வேடம், டீவித் தொடர் ஒப்பந்தத்தால் கைநழுவி, 1995இல் "கோல்டன் ஐ"யில் கிடைத்தது. அவருக்குள் கொனரியும் இருந்தார், மூரும் இருந்தார். பீட்டர்ஸ்பர்க் தெருவில் டாங்கி ஓட்டிச் சுவரை உடைத்துவிட்டு டையைச் சரிசெய்வது மூர். "த வேர்ல்ட் இஸ் நொட் எனஃப்" படத்தில் தான் நேசித்த எலெக்ட்ராவை நேருக்கு நேர் சுடுவது கொனரி. சுட்டபின் அவள்மேல் குனியும்போது ப்ரொஸ்னன் முகத்தில் ஏதோ தொடங்குகிறது, ஆனால் படம் பொறுக்காமல் அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறது. குறை நடிகரிடம் இல்லை. 2002இல் கண்ணுக்குத் தெரியாத கார் வரைக்கும் போய்விட்ட படங்களில் முகத்துக்கு இடமே இருக்கவில்லை. மேலே சொன்ன 1981 படத்தில், லொக் கொன்ற பெண்ணாக நடித்தவர் கஸான்ட்ரா ஹாரிஸ், ப்ரொஸ்னனின் மனைவி. 1991இல் புற்றுநோயில் இறந்துபோனார். இழப்பு என்னவென்று தெரிந்த மனிதருக்குப் படக்காரர்கள் இன்னும் பத்து விநாடி கொடுத்திருக்கலாம்.

அந்தப் பத்து விநாடியை க்ரெய்குக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். 2006இல் "கசினோ ரோயல்", இயக்குநர் "கோல்டன் ஐ" எடுத்த அதே மார்ட்டின் கம்பல். தலைமுடி மஞ்சள், உயரம் போதாது என்று முன்கூட்டியே எதிர்ப்புக் கிளம்பியது. படம் தொடங்கும்போது கறுப்பு வெள்ளையில் ஒரு கழிவறைச் சண்டை, முதல் கொலை. அழகில்லாத, மூச்சுத் திணறுகிற கொலை. பின்னால் ஹோட்டல் படிக்கட்டில் இருவரைக் கொன்றுவிட்டு, அறைக்கு வந்து, கண்ணாடி முன் நின்று இரத்தத்தைக் கழுவி, விஸ்கியை ஒரே மடக்கில் இறக்கி, தன் முகத்தையே பார்த்து நிற்கிறார். சட்டை மாற்றிக்கொண்டு திரும்பவும் சூதாட்ட மேசை. கொனரி டையைச் சரிசெய்த அதே வேலைதான். கொனரி கண்ணாடியைப் பார்க்கவில்லை, க்ரெய்க் பார்க்கிறார். துரைக் கோட்டு இவருக்கும் பிறவியில் வந்ததில்லை. டின்னர் கோட்டை அளவெடுத்துத் தைத்து அனுப்புவது படத்தின் நாயகி வெஸ்பர், அதைப் போட்டுக்கொண்டு க்ரெய்க் தன்னையே யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

க்ரெய்கின் ஐந்து படமும் ஒரே கதையாக ஓடுவதால் இழப்பு கூடிக்கொண்டே போக இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஒவ்வொரு படமும் புதிதாகத் தொடங்கும், பழைய காயம் ஆறியிருக்கும். இதை மறந்துவிட்டு க்ரெய்கை மட்டும் தலையில் தூக்கி வைப்பது நியாயமில்லை. 2021இல் "நோ டைம் டு டை" படத்தில் லேசன்பி படத்துக்காக லூயி ஆம்ஸ்ட்ரோங் பாடிய பாட்டையே கடைசியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். தோல்வி என்று நெடுங்காலம் பலர் ஒதுக்கிய ஒரு படத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

இன்று இதையெல்லாம் தமிழ் டப்பிங்கிலும் பார்க்க முடிகிறது. வசனம் புரிகிறது, சந்தோஷம். ஆனால் டோல்டனின் மேடைக் குரலும் க்ரெய்கின் கரகரப்பும் போய், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கம்பீரக் குரல். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒருமுறையாவது மூலக் குரலில், முடியாவிட்டால் சத்தத்தைக் குறைத்துவிட்டாவது பாருங்கள்.

2025 பெப்ரவரியில் பொண்ட் படங்களைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அமேசன் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த படத்தின் இயக்குநராக டெனி வில்நவ் அறிவிக்கப்பட்டார். ஏழாவது பொண்டைத் தேர்ந்தெடுக்க வழக்கமாக ஒரு பரீட்சைக் காட்சி உண்டு. "ஃப்ரொம் ரஷ்யா வித் லவ்" படத்தில், ஹோட்டல் அறைக்குள் வரும் பொண்ட் கட்டிலில் ரஷ்யப் பெண்ணைக் காணும் இடம். வருகிறவர்களையெல்லாம் பல காலமாக அதைத்தான் நடித்துக்காட்டச் சொல்கிறார்கள். கவர்ச்சியையும் பேச்சையும் அது காட்டும், சரி. வியன்னாப் பூங்காவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பேன். துப்பாக்கியை நீட்டு, எதிரில் ஒரு பையன், இறக்கு. வசனமே இல்லாத அந்த இடத்தில் தேறுகிறவரை எடுக்கட்டும், ஹட்டனிலும் பதுளையிலும் அவரை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிராது.